வாகனத்திற்கு வர்ணம் தீட்டுமுன்



இப்பகுதியில் வழமையாக விரத விளக்கமோ புராண விளக்கமோ இடம்பெறும். இம்முறை மரமும் தூரிகையும் பற்றிய ஒரு பாடத்தை எழுதுகிறோம். புலம்பெயர்ந்த நாடுகளில் உள்ள எமது ஆலயங்களுக்கு ஊரிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் மரத்தாற் செய்த வாகனங்கள் வருகின்றன. அவற்றுக்கு வர்ணம் தீட்டும் வேலையும், பழுதானவற்றைப் புதுப்பிக்கும் வேலையும் பல இடங்களில் தொண்டர்களின் கையிலேயே வந்து சேருகின்றன. நாம் நல்ல மனத்துடன்தான் செய்கிறோம். ஆனால் மரத்திற்கு நல்ல மனம் மட்டும் போதாது. எமது ஆலயத்துக் குதிரை வாகனத்தைக் கெடுத்து, பின்னர் அதைத் திருத்தி, இதனை நாம் கற்றுக்கொண்டோம்.

எழுதுபவராகிய நாம் தச்சுப் பரம்பரையில் வந்தவர் அல்லர். ஊரிலே பல்கலைக்கழகத்தில் வணிகவியல் பயின்று கணக்காளராக இருந்தோம். 2010 இல் அகதியாகக் கனடாவுக்கு வந்தபோது எமது பட்டத்தைப் பற்றி எவரும் கேட்கவில்லை. முதலிற் கிடைத்தது ஒரு தளபாடத் தொழிற்சாலையின் பூச்சுப் பகுதியில் இரவு வேலை. மூன்று வருடங்கள் அங்கே மரத்தைத் தேய்த்தோம், பூசினோம், மறுபடியும் தேய்த்தோம். பின்னர் இந்நாட்டுக் கணக்கியற் பரீட்சைகளில் தேறி எமது தொழிலுக்குத் திரும்பினோம். அங்கே கற்றவற்றையும், கற்றிருந்தும் கோயிலிற் கடைப்பிடிக்கத் தவறியவற்றையும் சேர்த்தே இங்கு எழுதுகிறோம்.

நடந்தது என்ன?

எமது மூத்த அடியார் ஒருவர், 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர். அவருடைய ஊர்க் கோயிலின் வெள்ளைக் குதிரை அந்த இடப்பெயர்வோடு இல்லாமற் போயிற்று. அந்த நினைவாக இங்கே ஒரு குதிரை வாகனத்தை உபயம் செய்ய விரும்பினார். ஊரில் ஓர் ஆசாரியார் தேக்கு மரத்தில் அதைச் செதுக்கினார். கழுத்திலும் மார்புப் பட்டியிலும் சிறு சிறு சலங்கைகள், ஒவ்வொரு சலங்கையிலும் கீறல் போன்ற வாய், பிடரி மயிரில் இழை இழையாக உளி வேலை. படத்தைப் பார்த்து நாம் எல்லோரும் வியந்தோம்.

வர்ணம் தீட்டாமல் வெறும் மரமாக அனுப்பும்படியும், வர்ண வேலையை இங்கே தொண்டர்களைக் கொண்டு முடிக்கலாம் என்றும் சொன்னவர்கள், பொருளாளராக இருந்த நாமே. அதனால் மிச்சமான தொகையை ஆண்டுக் கணக்கறிக்கையிற் பெருமையுடன் காட்டினோம். குதிரை வந்து சேர்ந்தபோது வேட்டைத் திருவிழாவுக்கு மூன்று வாரங்களே இருந்தன. முதற்பூச்சு வேண்டாம், நாளும் போகும் பணமும் போகும் என்று முடிவெடுத்தோம். பன்னிரண்டு தொண்டர்கள் ஒரே சனிக்கிழமையில் வெள்ளை எண்ணெய் எனாமலைத் தடிப்பாக இரண்டு தடவை பூசி முடித்தார்கள். அன்று மாலை குதிரை பளபளத்தது.

திருவிழா இரவில் சாத்துப்படியைக் களைந்தபோது பட்டுடன் பெயின்றும் உரிந்து வந்தது. மாரி காலத்திற் கழுத்துப் பொருத்து வெடித்தது. அந்த வெடிப்பினுள் ஒரு நாணயம் நுழையும். அடுத்த வசந்தத்தில் விலாப் பக்கத்தில் கணு இருந்த இடமெல்லாம் கபில நிறக் கறை எழும்பி, வெள்ளைக் குதிரை புள்ளிக் குதிரை ஆயிற்று. உபயகாரரான அந்த ஐயாவுக்குக் கண் பார்வை குறைவு. அவர் கையால் மார்புப் பட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, சலங்கை வெட்டின குதிரை எண்டுதானே சொன்னனீங்கள்? இதிலை ஒண்டையும் காணேல்லையே" என்றார். சலங்கைகள் அங்கேதான் இருந்தன. நாம் அவற்றைப் பெயின்றால் மூடியிருந்தோம்.

குருக்கள் ஐயாவின் அனுமதியுடன், உரிய கிரியைகளின் பின், அந்தக் குதிரையை முழுமையாகக் களைந்து மீண்டும் தீட்டினோம். அப்போது கைக்கொண்ட முறையே பின்வரும் பாடங்கள்.

பாடம் 1: மரம் இந்நாட்டுக்குப் பழக வேண்டும்

வெட்டிக் காயவைத்த மரமும் காற்றிலுள்ள ஈரத்தை உள்ளே எடுத்தும் வெளியே விட்டும் கொண்டே இருக்கும். யாழ்ப்பாணத்தைப் போன்ற கடலோரக் காற்றில் மரத்தின் ஈரம் ஏறத்தாழ 14 சதவீதத்தில் நிற்கும். இங்கு மாரியில் ஹீற்றர் ஓடும் கட்டடத்தினுள் காற்றின் ஈரப்பதன் 25 அல்லது 30 சதவீதமாக இறங்கும்போது, அதே மரத்தின் ஈரம் 5 அல்லது 6 சதவீதத்திற்கு வந்துவிடும். ஈரம் குறைந்தால் மரம் சுருங்கும்.

எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. நீளவாக்கிற் சுருக்கம் மிகச் சிறிது. ஆண்டு வளையங்களின் போக்கிலே மிக அதிகம். மையத்திலிருந்து வெளிப்புறமாகப் பார்த்தால் அதன் பாதியளவு. தேக்கு மிகவும் அடக்கமான மரம். அப்படியிருந்தும், வளையங்களின் போக்கில் அகலமாக அறுத்த தேக்குப் பலகை, ஈரம் ஒரு சதவீதம் குறைய அகலத்தில் ஏறத்தாழ 0.2 சதவீதம் சுருங்கும். கணக்குப் பார்ப்போம். 14 இலிருந்து 6 ஆக, 8 சதவீத இறக்கம். 8 ஐ 0.2 ஆற் பெருக்க 1.6 சதவீதம். பலகை 30 சென்ரிமீற்றர் அகலமானால் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர். எந்தப் பெயின்றும் 5 மில்லிமீற்றர் இழுபடாது. எமது குதிரையின் கழுத்து வெடித்ததற்கு ஆசாரியாரின் வேலையிற் குறையில்லை. நாம் மரத்துக்கு அவகாசம் கொடுக்கவில்லை.

ஆகவே புதிய வாகனம் வந்ததும் அதன் பெட்டியைத் திறந்து, அது நிரந்தரமாக இருக்கப்போகும் அறையில், ஹீற்றரின் காற்று நேரே படாத இடத்தில் விட வேண்டும். ஈரமானி என்னும் சிறு கருவியை வன்பொருட் கடைகளில் வாங்கலாம். வாரம் ஒருமுறை அதே இடங்களில் அளந்து எழுதுங்கள். அளவு இறங்குவது நின்ற பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். மெல்லிய பாகங்களுக்குச் சில வாரங்கள் போதும். தடித்த உடற்பாகத்திற்குப் பல மாதங்கள் எடுக்கலாம். அறையின் ஈரப்பதனை ஆண்டு முழுவதும் 40 முதல் 50 சதவீதம் வரையில் வைத்திருக்க முடிந்தால், பின்னாளில் வரும் வெடிப்புகளிற் பெரும்பகுதி வராமலே போகும்.

பாடம் 2: வெடிப்பும் துளையும்

பொருத்து விட்டுப் போயிருந்தால் அதை மக்கு வைத்து மறைக்கக் கூடாது. பழைய பசையைச் சுரண்டி எடுத்து, புதிய பசை இட்டு இறுக்க வேண்டும். அகலமான நீள வெடிப்புக்கு அதே மரத்தில் மெல்லிய சீவலொன்றைச் சீவிப் பொருத்துவதே நல்லது. சீவலின் ஒரு பக்கத்திற்கு மட்டும் பசை இட்டால், மரம் அசையும்போது மற்றப் பக்கம் இடம் கொடுக்கும். மாரியில் அகலத் திறந்திருக்கும் வெடிப்பைக் கல்லுப் போல இறுகும் மக்கினால் நிரப்பினால், கோடையில் மரம் ஊதும்போது அது மரத்தையே நெருக்கும். ஆணித் துளை, சிறு பொள்ளல் ஆகியவற்றுக்கு மட்டும் மக்குப் போதும். அதையும் சற்று உயர்த்தி வைத்து, காய்ந்தபின் மட்டமாகத் தேய்க்க வேண்டும்.

பாடம் 3: தேய்த்தல்

நாம் சாண்ட்பேப்பர் என்று சொல்லும் அரத்தாளின் பின்புறத்தில் ஓர் இலக்கம் இருக்கும். இலக்கம் கூடக்கூடத் தாள் மிருதுவாகும். சமமான பரப்புகளுக்கு 120 இல் தொடங்கி, 150, 180 என்று போனாற் போதும். ஓர் இலக்கத்தைத் தாண்டிப் பாய்ந்தால், முன்னைய தாளின் கீறல் அப்படியே நிற்கும். வெறும் மரத்தில் அது கண்ணுக்குத் தெரியாது, பெயின்ற் பூசியதும் தெரியும். எப்போதும் மரத்தின் இழை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும்.

செதுக்கு வேலையுள்ள இடங்களில் மெசினைத் தொடவே கூடாது. உளி விட்ட கூரான விளிம்பே சிற்பத்திற்கு உயிர். மெசின் அதை ஒரு நிமிடத்தில் உருட்டிவிடும். அரத்தாளைச் சிறு துண்டாக மடித்தோ, ஈர்க்கு, மூங்கிற் குச்சி ஆகியவற்றிற் சுற்றியோ பள்ளங்களை மெதுவாகத் துப்புரவாக்க வேண்டும். ஆசாரியார் சுத்தமாக வெட்டிவிட்ட இடத்தைத் தேய்க்காமலே விடலாம்.

தேய்த்து முடிந்ததும் ஈரத் துணியால் மரத்தை ஒருமுறை மெல்லத் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். படுத்திருந்த நார்கள் எழுந்து நிற்கும். 220 இலக்கத் தாளால் அவற்றை இலேசாக வெட்டிவிட்டால், பின்னர் பூச்சுப் படும்போது அவை எழும்பிச் சொரசொரப்பாகாது. அதன்பின் தூசியை உறிஞ்சியாலும் மென்மையான தூரிகையாலும் முழுமையாக எடுக்க வேண்டும். சலங்கை வாயில் நின்ற தூசி, முதற்பூச்சோடு சேர்ந்து சேறாகிவிடும்.

பாடம் 4: அடைப்புப் பூச்சு

எமது குதிரை ஏன் ஒட்டியது, ஏன் கறை பிடித்தது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. தேக்கில் இயற்கையான எண்ணெய்ப் பசை உண்டு. கறையான் அதை எளிதில் தீண்டாமல் இருப்பதற்கு மரத்திலுள்ள இத்தகைய பொருட்களே காரணம். ஆனால் இவையே எண்ணெய்ப் பெயின்ற் காய்வதைத் தாமதப்படுத்தும். வெளிர் நிறங்களின் ஊடாகக் கபிலக் கறையாகவும் எழும்பி வரும். கணுக்களில் இத்தொல்லை இன்னும் கூட. எனவே முதலில் மெதிலேற்றட் ஸ்பிரிட் தோய்ந்த துணியால் மரத்தைத் துடைத்து, மேற்பரப்பில் உள்ள எண்ணெயை எடுக்க வேண்டும். அது காய்ந்தவுடன் காலம் தாழ்த்தாமல் அடைப்புப் பூச்சைத் தொடங்க வேண்டும். தாமதித்தால் உள்ளிருக்கும் எண்ணெய் மீண்டும் மேலே வரும்.

அடைப்புப் பூச்சுகளில் நாம் தேர்ந்தெடுத்தது ஷெல்லாக். இது எமக்குப் புதியது அல்ல. நாம் அரக்கு என்று அறிந்ததன் சுத்திகரித்த வடிவமே இது. மரக்கிளைகளில் வாழும் அரக்குப் பூச்சியின் சுரப்பிலிருந்து பெறப்படுகிறது. செதில்களாகக் கிடைக்கும், ஸ்பிரிட்டிற் கரையும். மெழுகு நீக்கிய வகையையே வாங்க வேண்டும், ஏனெனில் மெழுகு இருந்தால் மேலே வரும் நீர்ப் பெயின்ற் சரியாகப் பிடிக்காது. ஒரு லீற்றர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் செதில் என்ற அளவில் மெல்லிய கரைசலாக்கி, முழு மரத்திற்கும் இரண்டு தடவை பூசினோம். கணுக்களுக்கு மட்டும் 240 கிராம் அளவிலான தடித்த கரைசலால் மேலும் இரண்டு தடவை. ஒவ்வொரு பூச்சும் ஒரு மணி நேரத்தினுள் காய்ந்துவிடும். கரைசலைக் கண்ணாடிப் போத்தலில் வைத்து, கரைத்த திகதியை மேலே எழுதுங்கள். பல மாதங்கள் பழையதான கரைசல் இறுகாமற் பிசுபிசுக்கும். சந்தேகமானால் ஒரு துளியைக் கண்ணாடியில் விட்டுப் பாருங்கள். அடுத்த நாள் நகத்தில் ஒட்டினால் அதை எறிந்துவிடுங்கள்.

பூச்சியிலிருந்து வருவது என்பதால் அடியார் சிலர் தயங்கலாம். அது குருக்களிடம் கேட்டுத் தீர்மானிக்க வேண்டியது. வேண்டாம் என்றால் கறை தடுக்கும் நீர் வகை முதற்பூச்சுகள் உண்டு. கணுக்களை அடக்குவதில் அவை ஷெல்லாக்கைவிடச் சற்றுப் பலம் குறைந்தவை. ஆகவே ஒரு பூச்சுக் கூடுதலாக வேண்டும்.

இரண்டு இடங்களை மறக்கக் கூடாது. ஒன்று, மரத்தைக் குறுக்கே வெட்டிய முகங்கள். காதின் நுனி, குளம்பின் அடி, பீடத்தின் ஓரங்கள் போன்றவை நீரைக் குழாய் போல உறிஞ்சும். அவற்றுக்கு மேலதிகமாக ஒரு பூச்சு வேண்டும். மற்றது, கண்ணுக்குத் தெரியாத உட்புறமும் அடிப்புறமும். வெளிப்புறத்தை மட்டும் அடைத்தால் ஒரு பக்கத்தால் மட்டும் ஈரம் போய்வந்து பலகை வளையும். பூச்சு ஈரத்தை முற்றாகத் தடுக்காது. அதன் வேகத்தைக் குறைக்கும். அந்த வேகம் எல்லாப் பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பாடம் 5: முதற்பூச்சும் வர்ணமும்

கடையிற் பிறைமர் எனப்படும் முதற்பூச்சின் வேலை, மரத்தையும் வர்ணத்தையும் ஒன்றோடொன்று பிடிக்கச் செய்வது. அத்துடன் இன்னொரு நன்மையும் உண்டு. வெறும் மரத்தில் தெரியாத கீறல், குழி எல்லாவற்றையும் அது காட்டிக் கொடுக்கும். கணக்காய்வாளரைக் கண்டால் எப்படிச் சிலருக்குப் பிடிப்பதில்லையோ, அப்படியே அவசரக்காரருக்கு முதற்பூச்சும் பிடிப்பதில்லை. மெல்லியதாக ஒன்று பூசி, காய்ந்தபின் பக்கவாட்டில் ஒரு விளக்கைப் பிடித்துப் பாருங்கள். குறை தெரிந்த இடத்தில் மக்கு இட்டு, 220 இலக்கத் தாளால் இலேசாகத் தேய்த்து, மறுபடியும் ஒரு மெல்லிய பூச்சுப் பூசுங்கள்.

வர்ணத்திற்கு நீர் வகை அக்ரிலிக் எனாமல் எமக்குத் திருப்தி அளித்தது. எண்ணெய்ப் பெயின்றின் வெள்ளை, வெளிச்சம் குறைந்த வாகன அறையிற் காலப்போக்கில் மஞ்சளாகும். அக்ரிலிக் வெள்ளை பெரும்பாலும் அப்படியே நிற்கும். எந்த வகையானாலும் அறை வெப்பநிலை 18 முதல் 22 பாகை செல்சியஸ் வரை இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

செதுக்கு வேலையில் தூரிகை பிடிக்கும் விதம் இதுதான். தூரிகையின் நுனியில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் நனைத்து, தகரத்தின் உட்புறத்தில் ஒற்றி எடுங்கள். முதலிற் பள்ளம், பின்னர் மேடு. பள்ளத்திற்குப் பெயின்றைக் கொண்டுபோய் ஊற்றாமல், அரை வறட்சியான தூரிகையாற் குத்திக் குத்திப் பரப்ப வேண்டும். பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து, எங்காவது தேங்கி நிற்கிறதா என்று பார்த்து, வெறும் தூரிகையால் உறிஞ்சி எடுங்கள். இந்தப் பத்து நிமிடத்தை நாம் முதல் தடவை எடுத்திருந்தால் எமது சலங்கைகள் தப்பியிருக்கும். இரண்டு மெல்லிய பூச்சுகள் ஒரு தடித்த பூச்சைவிட எப்போதும் மேல். தடித்த பூச்சின் மேற்தோல் மட்டும் காய்ந்து, உள்ளே பச்சையாகவே கிடக்கும்.

பொன் நிறத்திற்குப் பித்தளைத் தூள் கலந்த பெயின்ற் மலிவானது. ஆனால் நாளடைவிற் கறுக்கும். மைக்கா கலந்த பொன் நிறங்கள் கறுப்பதில்லை. உண்மையான பொன் ரேக்கு எல்லாவற்றிலும் மேலானது. அதை ஒட்டும் வேலையைப் பழகிய கைக்கே விட வேண்டும். கண்களையும் நாம் தொடவில்லை. அதை உரியவர் உரிய முறையிற் செய்தார்.

பாடம் 6: காய்தல் வேறு, இறுகுதல் வேறு

தகரத்தில் ஒரு மணி நேரத்திற் காயும் என்று எழுதியிருக்கும். அதன் பொருள், விரல் வைத்தால் ஒட்டாது என்பது மட்டுமே. பூச்சு முழுமையாக இறுகுவதற்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் வேண்டும். அதுவரை பட்டோ, மாலையோ, கயிறோ அழுத்தினால் பதியும், ஒட்டும். திருவிழா நாளிதழை முன்னே வைத்துப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். கொடியேற்றத்திற்கு முந்திய நான்கு வாரமும் இறுகுவதற்கு. அதற்கு முந்திய இரண்டு வாரம் வர்ணத்திற்கு. அதற்கு முந்திய ஒரு வாரம் முதற்பூச்சுக்கு, இன்னொரு வாரம் அடைப்புப் பூச்சுக்கு. தேய்ப்பதற்கும் திருத்துவதற்கும் ஒரு மாதம். ஆக மொத்தம் மூன்று மாதங்கள். மரம் பழகும் காலம் இதில் அடங்காது. ஆடியிற் கொடியேற்றமானால் சித்திரைப் புத்தாண்டுக்கு முன்பே வாகனம் வேலைக்குத் தயாராக இருக்க வேண்டும். கால அவகாசம் இல்லையென்றால் அந்த வருடம் வர்ணம் தீட்டாமலே, மரத்தின் மேல் பட்டுச் சாத்தி எழுந்தருளச் செய்யலாம். அதில் எந்த அவமானமும் இல்லை.

பாடம் 7: உயிருக்கு ஆபத்தில்லாமல்

ஸ்பிரிட்டின் ஆவி தீப்பற்றும். மகாபாரதத்தில் அரக்கு மாளிகைக்கு என்ன நேர்ந்தது என்பதை அறிந்தவர்கள் நாம். அடைப்புப் பூச்சு நடக்கும் மண்டபத்திற் கற்பூரமோ குத்துவிளக்கோ எரியக் கூடாது; பூசை நேரத்தையும் வேலை நேரத்தையும் பிரித்துக்கொள்ளுங்கள். சன்னல்களைத் திறந்து வையுங்கள்.

ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்து வைத்தால், நெருப்பு வைக்காமலே அவை சூடாகித் தீப்பற்றும். எண்ணெய்ப் பூச்சுத் துடைத்த துணிகளும் அப்படியே. அவற்றை வெளியே தனித்தனியாக விரித்துக் காயப்போட வேண்டும், அல்லது நீருள்ள மூடிய தகரத்தில் இட வேண்டும்.

பழைய வாகனங்களின் வர்ணத்தில் ஈயம் இருக்கக் கூடும். கனடாவிற் பெயின்றில் அனுமதிக்கப்படும் ஈயத்தின் அளவு 2010 முதல் பத்து இலட்சத்தில் 90 பங்காகக் குறைக்கப்பட்டது. அதற்கு முந்தியவற்றையோ, எங்கே எப்போது பூசியது என்று தெரியாதவற்றையோ வறட்சியாகத் தேய்க்க வேண்டாம். அந்தத் தூசி, விசேடமாகப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடு. முதலிற் பரிசோதியுங்கள். ஈயம் இருந்தால் அது பயின்றவர் செய்ய வேண்டிய வேலை. சாதாரணத் தேய்ப்பு வேலைக்கும் நல்ல தூசி முகமூடி கட்டாயம்.

பாடம் 8: பராமரிப்பு

வாகனத்தைப் பொலித்தீனாற் சுற்றி வைக்காதீர்கள். உள்ளே ஈரம் தங்கும். பருத்தித் துணியால் மூடினாற் போதும். சந்தனம், பூச்சாறு, எண்ணெய் ஆகியவற்றைத் திருவிழா முடிந்த அன்றே சற்று ஈரமான துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். தண்டு செருகும் துளைகளுக்குப் பெயின்ற் பூசாமல் மெழுகு தேயுங்கள். பெயின்ற் பூசினால் தண்டு உரசும்போது உரிந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை, மாரி முடிவில், வாகனத்தைச் சுற்றிப் பார்த்துப் புதிய மயிர் வெடிப்புகளைக் குறித்து வையுங்கள்.

கணக்கு முடிவு

களையும் வேலைக்கு மட்டும் ஒரு முழு மாரி காலம் சென்றது. ஜெல் வகைக் களைப்பானைப் பூசி, ஊறவிட்டு, மூங்கிற் குச்சியாலும் பல் துலக்கும் தூரிகையாலும் இழை இழையாகப் பெயின்றை எடுத்தோம். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலை முடிந்து வந்த உயர் வகுப்புப் பிள்ளைகள், கையுறையும் கண்ணாடியும் அணிந்து எம்முடன் இருந்தார்கள். ஒவ்வொரு சலங்கையாக வாய் திறக்கத் திறக்க எண்ணிக்கொண்டு வந்தவர்களும் அவர்களே. மொத்தம் நாற்பத்தொன்று. அவற்றைச் செதுக்கிய ஆசாரியாரை அவர்கள் கண்டதில்லை. ஆனால் நாற்பத்தோராவது சலங்கை வயிற்றின் அடியில், எவரும் பார்க்காத இடத்தில் இருந்ததைக் கண்டபோது, அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பதை நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

பொருளாளர் என்ற முறையில் ஒன்றைப் பதிவு செய்கிறோம். முதற்பூச்சையும் அடைப்புப் பூச்சையும் தவிர்த்து முதலில் நாம் மிச்சம் பிடித்ததைப் போல ஐந்து மடங்குக்கு மேல், திருத்த வேலைக்குச் செலவாயிற்று. கெட்டுப்போன பட்டு வேறு. அந்த ஆண்டுக் கணக்கறிக்கையில் அதை எமது தவறு என்றே எழுதிப் பொதுக்கூட்டத்தில் வாசித்தோம்.

புதிய வர்ணம் இறுகியபின் உபயகாரர் ஐயாவை அழைத்து வந்தோம். அவர் பேசவில்லை. மார்புப் பட்டியில் விரலை வைத்து, ஒவ்வொரு சலங்கையாகத் தடவிக்கொண்டே போனார். கடைசியில், "இப்ப சரி தம்பி" என்றார்.

அடியார்களே, வர்ணம் என்பது ஆசாரியாரின் வேலையை மூடுவதற்கு அல்ல, காட்டுவதற்கு. துப்புரவான முடிவு, பெயின்ற் தகரத்தைத் திறக்கும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. இனி வாகனம் தருவிக்கும் எந்த ஆலயத்துப் பொருளாளரும் எம்மைப் போல மிச்சம் பிடிக்காதிருப்பாராக.

மீட்டற் பயிற்சி: பிள்ளைகளுடன் சேர்ந்து விடை காண்க

1. 20 சென்ரிமீற்றர் அகலமான தேக்குப் பலகையின் ஈரம் 13 இலிருந்து 7 சதவீதமாக இறங்கினால், வளையங்களின் போக்கில் ஏறத்தாழ எத்தனை மில்லிமீற்றர் சுருங்கும்?
2. கணுவில் அடைப்புப் பூச்சு இல்லாமல் வெள்ளை பூசினால் என்ன நேரும்? ஏன்?
3. வாகனத்தின் அடிப்புறத்தையும் ஏன் அடைக்க வேண்டும்?
4. காய்தலுக்கும் இறுகுதலுக்கும் உள்ள வேறுபாடு யாது?
5. உங்கள் ஆலயக் கொடியேற்ற நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, வேலை தொடங்க வேண்டிய திகதியைக் காண்க.

முதல் வினாவுக்கு விடை: ஏறத்தாழ 2.4 மில்லிமீற்றர். ஏனையவற்றுக்கு விடை மேலே உள்ள பாடங்களில் உண்டு.